கூரைக்குக் காசு கேட்பது எப்படி: மிஷன் காலத்து ஆலயத்தைக் காப்பாற்ற ஒரு முழு வழிகாட்டி

கொங்கு நாட்டில் ஆலயத்துக்குக் காசு கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. பீடத்துக்குக் கிரானைட் போடுகிறோம், ஏசி மாட்டுகிறோம், எல்இடி திரை வைக்கிறோம் என்று அறிவித்தால் ஆராதனை முடிவதற்குள் பாதித் தொகை சேர்ந்துவிடும். அதே ஆலயத்தில் கூரை ஒழுகுகிறது, உத்தரத்தின் முனை மக்கிவிட்டது, மழைத்தண்ணீர் இறங்கும் தகரக் குழாயை மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், நூறு வருடக் கட்டிடத்தைக் காப்பாற்றும் செலவில் பெரும்பகுதி யார் கண்ணுக்கும் படாத இடத்தில்தான் ஆகும். ஓட்டுக்கு அடியில், சுவருக்குள்ளே, அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணில். அதற்குக் காசு வாங்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். காசு எளிதாகக் கிடைக்கிறதே என்று கிரானைட்டில் தொடங்கினால், நல்லெண்ணத்தோடு கொடுத்த காசே ஆலயத்தைக் கெடுக்கும்.

1830-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் கோயம்புத்தூருக்கு வந்தார். அந்த மிஷன் சேலத்திலும் ஈரோட்டிலும் வேரூன்றியது. கரூர், தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மிஷன். கத்தோலிக்கர் இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முந்தியவர்கள். கருமத்தம்பட்டி ஆலயத்தின் கதை 17-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது, 2019-ல் அது பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி பெற்றது. 1933-ல் திறந்த ஈரோடு பிரப் நினைவு ஆலயத்தின் பெயரில் ஒரு ரோடே இருக்கிறது. இப்படிப் பெயர் பெற்ற ஆலயங்களுக்கு எப்படியாவது கை கொடுக்க ஆள் வந்துவிடும். இந்த வழிகாட்டி முக்கியமாக மற்றவற்றுக்கு: ஊர்க் கோடியில் மங்களூர் ஓடு வேய்ந்து, ஞாயிறு காலை அறுபது எழுபது பேர் கூடும் ஆலயங்களுக்கு.

படி 1: பத்திரம் யார் பெயரில்?

ஒரு ரூபாய் வசூலிக்கும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் உருவானபோது, இணைந்த மிஷன்களின் சொத்துகளை வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு டிரஸ்ட் அசோசியேஷன் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானது. அதனால் உங்கள் சபையே கட்டி, உங்கள் தாத்தா கல் சுமந்த ஆலயமாக இருந்தாலும், சட்டப்படி உரிமையாளர் பெரும்பாலும் அந்த அசோசியேஷன்தான். கத்தோலிக்க ஆலயம் என்றால் மறைமாவட்டம். ஆகவே திருமண்டல அலுவலகத்தின் அல்லது ஆயரில்லத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் கட்டிடத்தில் கைவைக்க முடியாது. அரசு நிதிக்கும் விண்ணப்பிக்க முடியாது.

பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, பழைய பத்திரம் கிடைத்தால் அதன் நகல், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். பட்டாவில் இன்னும் பழைய மிஷன் பெயரே இருப்பது சகஜம். கல்லறைத் தோட்டம் தனி சர்வே எண்ணில் இருக்கலாம். இவற்றைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் வேலையாகத் தொடங்கிவிடுங்கள். மற்ற படிகள் பக்கத்திலேயே நடக்கட்டும்.

படி 2: குழு, தேர்தலுக்கு அப்பால்

சபைக் கமிட்டியிடமே இந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். சீர்திருத்த வேலை மூன்று நான்கு ஆண்டுகள் நீளும். அதற்குள் சபையின் ஆயர் (போதகர்) மாறுவார், கமிட்டித் தேர்தல் வரும், போன அணி தொடங்கியதை இந்த அணி தொடாது. இதை நாசூக்காகச் சொல்லிப் பயனில்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சபைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, வேலை முடியும்வரை நிலைக்கும் தனிக் குழு ஒன்று அமையுங்கள். ஆயர் தலைவர். இரண்டு தரப்புக்கும் ஆள். கணக்கு தெரிந்த ஒருவர், கட்டிடம் தெரிந்த ஒருவர், வெளியூரில் இருந்தாலும் நாலு பேரைத் தெரிந்த ஒருவர். பெண்கள் ஐக்கியத்திலிருந்து குறைந்தது இரண்டு பேர். ஒப்புக்கு அல்ல, வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்க்கும் பழக்கம் நம் சபைகளில் அவர்களிடம்தான் இருக்கிறது.

குழுவில் உட்காருகிறவர்கள் முதல் காணிக்கையைக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நாளைக்கு ஒரு மில் முதலாளி, 'நீங்க எவ்வளவுங்க போட்டீங்க?' என்று கேட்பார். கேட்காமல் விடமாட்டார்.

படி 3: கட்டிடத்தைப் படிக்க வையுங்கள்

இந்த முதல் காணிக்கை ஒரே ஒரு செலவுக்கு: பழைய கட்டிடம் தெரிந்த ஒரு கட்டிடக் கலைஞரை அழைத்து, நிலையறிக்கை எழுதி வாங்குவது. பாரம்பரியக் கட்டிடங்களைப் பாதுகாக்க 1984-ல் தொடங்கிய இன்டாக் அமைப்புக்குக் கோவையில் கிளை உண்டு. யாரைக் கூப்பிடலாம் என்று அங்கே கேட்கலாம். உங்கள் சபையில் நல்ல சிவில் இன்ஜினியர் இருப்பார். அவர் மேல் மரியாதை வைத்தபடியே சொல்கிறேன், அவர் படித்தது சிமெண்டும் கம்பியும். உங்கள் ஆலயம் அது இரண்டும் இல்லாமல் நிற்கிறது.

மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே 1930-களில்தான். அதற்கு முன் எழுந்த சுவர்கள் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியவை. சுக்காங்கல்லைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்த்துக் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்பைக் கிளப்பி, செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும். அதற்கு மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுவரோரமாக நடந்து, தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பூச்சு 'டக் டக்' என்று கெட்டியாகச் சொல்லும். சட்டென்று ஓரிடத்தில் 'டொப்' என்று வெற்றுச் சத்தம் வரும். அங்கே பூச்சு சுவரை விட்டு விலகிவிட்டது. அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஆலயத்தைச் சுற்றி வந்த பிறகு வட்டங்கள் எங்கே கூடியிருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் அதற்கு நேர் மேலே ஒரு உடைந்த ஓடோ அடைத்த தூம்போ இருக்கும். சுவரின் நோய்க்குக் காரணம் கூரையில். இந்தச் சாக்பீஸ் வட்டங்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஐப்பசி மழையில் ஒருமுறை உள்ளே நின்று பார்க்காமல் எந்த அறிக்கையும் முழுமையாகாது. அறிக்கையில் மூன்று பட்டியல் கேளுங்கள்: உடனே செய்யாவிட்டால் ஆபத்து, இரண்டு மூன்று வருடத்துக்குள் செய்ய வேண்டியது, செய்தால் நல்லது. கிரானைட் மூன்றாவது பட்டியலில்கூட இருக்காது.

படி 4: மதிப்பீட்டைத் துண்டு போடுங்கள்

மதிப்பீட்டில் மூன்று விஷயம் விட்டுப்போகும். ஒப்பந்ததாரர் பில்லுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. கட்டிடக் கலைஞர் கட்டணம். ஓட்டைக் கழற்றிய பிறகுதான் தெரியவரும் சேதம். பழைய கட்டிடத்துக்கு எதிர்பாராச் செலவென்று 15 சதவீதமாவது ஒதுக்குங்கள். கூரையின் மரச் சட்டத்தைப் பிரித்துப் பார்க்கும்வரை கரையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது எந்த நிபுணருக்கும் முன்கூட்டித் தெரியாது.

மொத்தத் தொகையை யாரிடமும் கேட்காதீர்கள். 60 லட்சம் என்றதும் சபையார் மலைத்துப்போவார்கள், 'நம்மால ஆகுங்களா' என்று பேச்சு திரும்பிவிடும். பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலை போடுங்கள். ஒரு சதுர அடி சுண்ணாம்புப் பூச்சு இவ்வளவு. ஒரு தேக்குச் சட்டம் இவ்வளவு. கிழக்கு ஜன்னல் மொத்தமும் இவ்வளவு. நூறு ஓடு இவ்வளவு. ஊர்க் கோயில் திருப்பணியில் உபயதாரர் பட்டியல் போடும் அதே முறைதான். நம் பக்கத்தில் எந்தச் சாதி, எந்த மதத்தவருக்கும் விளக்கம் தேவைப்படாத முறை. கூரைப் பகுதிகளை முதல் பக்கத்திலும் மற்றதைப் பின்பக்கத்திலும் அச்சடியுங்கள். முதல் பக்கம் தீரும்வரை பின்பக்கத்துக்குப் பணம் வாங்குவதில்லை என்று குழு முடிவெடுத்துக்கொள்ள வேண்டும். பணக்காரர் ஒருவர் வந்து, 'பீடத்தை நான் மார்பிள்ல பண்ணித் தர்றேன்' என்பார். நன்றி சொல்லி, தெற்குப் பக்கக் கூரையைக் காட்டுங்கள். சில பேர் கோபித்துக்கொள்வார்கள். போகட்டும்.

பிறகு கொடையாளர் ஏணி போடுங்கள். 60 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். 10 லட்சம் தரக்கூடியவர் ஒருவர், 5 லட்சம் இரண்டு பேர், 1 லட்சம் பத்துப் பேர், 50,000 இருபது பேர், 20,000 ஐம்பது பேர். இதுவரை 50 லட்சம். மீதிப் பத்து சிறு காணிக்கை, ஏலம், உண்டியல். கணக்கைக் கவனியுங்கள்: பாதித் தொகை பதின்மூன்று பேரிடமிருந்து வருகிறது. அந்தப் பதின்மூன்று பேரின் பெயரை உங்களால் இன்றைக்கு எழுத முடியாவிட்டால் வசூலைத் தொடங்காதீர்கள்; முதல் கட்டத்தைச் சிறிதாக்குங்கள், கூரை மட்டும் என்று.

படி 5: கதையைத் தோண்டி எடுங்கள்

ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கல்லறைக் கற்கள், மணியில் வார்த்திருக்கும் எழுத்து, ஓட்டின் அடியில் பதிந்திருக்கும் ஆலை முத்திரை. இவை உள்ளூரிலேயே இருக்கின்றன. லண்டன் மிஷன் ஆவணங்களும் வெஸ்லியன் மிஷன் ஆவணங்களும் லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. பிரெஞ்சுக் குருக்கள் நடத்திய கத்தோலிக்கப் பணித்தளம் என்றால் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் காப்பகம். மிஷனின் பழைய ஆண்டறிக்கைகள் பல இப்போது இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

தோண்டும்போது ஒரு விஷயத்தில் நேர்மை வேண்டும். நம் சபைகளின் ஆண்டுவிழா மலர்களைப் பார்த்தால் வெள்ளைக்கார ஐயர் தனியாளாகக் கல் சுமந்து ஆலயம் கட்டியதுபோல் இருக்கும். கட்டியவர்கள் பெரும்பாலும் இந்த ஊரின் சேரிகளிலிருந்து வந்த முதல் தலைமுறை விசுவாசிகள். கூலியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தவர்கள், ஓடையிலிருந்து மணல் சுமந்த பெண்கள். அவர்கள் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது, அறிக்கையில் இல்லை. அந்தப் பெயர்களை எடுத்து வெளியிடுங்கள். நீதி என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தன் பாட்டியின் பாட்டி பெயரை ஒரு பட்டியலில் பார்த்த பேரன் ஓசூரிலிருந்தாவது ஒரு சட்டத்துக்குப் பணம் அனுப்புவான்.

மூன்று பக்கச் சிறு ஏடு போதும். வழவழ தாளில் ஐம்பது பக்க மலர் போட்டால் விளம்பரம் சேர்ப்பதே தனி வேலையாகிவிடும்.

படி 6: நேரில் போய்க் கேட்பது

சபையார் பட்டியல் உங்களிடம் இருக்கும். அதற்கு வெளியேதான் பெரிய பணம் இருக்கிறது. மிஷன் பள்ளியில் படித்தவர்கள், மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். கோவை, ஈரோடு, திருப்பூர், கரூரில் இன்று தொழில் நடத்தும் எத்தனையோ குடும்பங்கள் இந்த இரண்டில் ஒன்றின் வழியாக வந்தவை. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல. பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டோடு தலைமையாசிரியரிடம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் நாற்பது பெயர் கிடைக்கும்.

இவர்களிடம் மதத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, பேசவும் கூடாது. அவர்களுக்கு அது மணியடிக்கும் கட்டிடம், காலை வழிபாட்டுக்கு வரிசையில் நின்ற நிழல். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

'வாங்க, வாங்க. மொதல்ல காபி சாப்பிடுங்க. அந்தப் புளியமரம் இருக்குதுங்களா இன்னும்?'

'மரம் இருக்குதுங்க ஐயா. ஆலயக் கூரைதான் ஆட்டங்கண்டு போச்சு.'

'அடடா. எவ்வளவுங்க ஆகும்?'

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்பார்கள். அப்படிச் சொன்னால் ஐயாயிரம் கிடைக்கும். அவர் ஐந்து லட்சம் தரக்கூடியவராக இருந்தாலும் ஐயாயிரம்தான். எவ்வளவு கொடுத்தால் மரியாதை என்று அவருக்கு நீங்கள் சொல்லவில்லை. சாக்பீஸ் வட்டம் போட்ட படத்தையும் அதற்கு மேலிருக்கும் உடைந்த கூரைப் படத்தையும் மேசையில் வையுங்கள். 'தெற்குச் சாய்வு முழுசும் உங்க பேர்ல எடுத்துக்கணுங்க ஐயா, அஞ்சு லட்சம்' என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள். அவர் யோசிக்கும்போது நடுவில் புகுந்து தொகையைக் குறைக்காதீர்கள்.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் அவருக்குத் தெரிந்தவர், ஒருவர் கட்டிடத்தைப் பற்றி விவரமாகப் பேசத் தெரிந்தவர். ஆயர் ஐயாவை முதல் சந்திப்புக்கே அழைத்துப் போக வேண்டாம். அவர் நன்றி சொல்ல வரட்டும்.

காலம் பார்ப்பதும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் திருப்பூர், ஈரோடு பக்கம் எந்தத் தொழில்காரரையும் பார்க்காதீர்கள். போனஸ் பட்டுவாடா நேரத்தில் காசு என்ற பேச்சே ஆகாது. மஞ்சள் விவசாயியைப் புது மஞ்சள் ஏலத்துக்கு வந்து விற்ற பிறகு பாருங்கள், தை, மாசி, பங்குனியில். மாதச் சம்பளக்காரர்களிடம் ஒரே தவணையில் 20,000 கேட்பதைவிட மாதம் ஆயிரமாக இருபது மாதம் என்றால் மறுக்காமல் ஒப்புக்கொள்வார்கள். சீட்டுப் போட்டுப் பழகிய ஊர் இது.

படி 7: அறுப்பின் பண்டிகை

விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் இந்த நாளைவிட, சபைக்குள் பணம் திரட்ட நல்ல நாள் கிடையாது. புதிதாக ஒரு நிகழ்ச்சியை ஏற்பாடு செய்து, பந்தல் செலவு போக மிஞ்சியதை எண்ணுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் பண்டிகையின் ஒரு வருட ஏலத்தைக் கூரைக்கென்று ஒதுக்கச் சொல்லி சபைக் கூட்டத்தில் தீர்மானம் வாங்குங்கள்.

ஏலம் எப்படி ஏறுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். கால் கட்டிய நாட்டுச்சேவல் ஒன்று மேசைமேல். சந்தையில் அதன் விலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்நூறில் தொடங்கும். அண்ணன் ஆயிரம் என்பார், மச்சான் இரண்டாயிரம் என்பார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மூவாயிரம் என்றதும் சிரிப்பு. ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து ஐயாயிரம் சொல்லி எடுத்து, 'திரும்ப ஏலம் விடுங்க' என்று மேசைக்கே அனுப்பிவிடுவார். ஒரே சேவல் மூன்று தடவை விலை போகும். பூசணிக்காய், தேங்காய்க் குலை, மஞ்சள் மூட்டை, குச்சிக்கிழங்கு என்று வரிசையாக வரும். இதில் நீங்கள் சேர்க்க வேண்டியது ஒன்றே: காய்கறிக்கு நடுவே ஆலயத்திலிருந்து இறக்கிய பழைய உடைந்த ஓடுகளையும் ஏலத்தில் வையுங்கள். ஆலையின் முத்திரை தெரியும் ஓடு என்றால் சேவலை மிஞ்சும். நல்ல ஓட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள், அது மறுபடியும் கூரைக்குப் போக வேண்டியது.

பெண்கள் ஐக்கியத்தின் கைப்பிடி அரிசி, சிறுவர் உண்டியல், பொருத்தனைக் காணிக்கை எல்லாம் வழக்கம்போல் நடக்கட்டும். இவை தரும் தொகை சிறிது. ஆனால் சபையில் எத்தனை வீடு கொடுத்திருக்கிறது என்று வெளியார் கேட்கும்போது, 'ஒரு வீடு விடாமல்' என்று சொல்ல முடிய வேண்டும்.

படி 8: அரசு நிதியா, வெளிநாட்டு நிதியா?

இரண்டையும் ஒன்றாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாடு அரசு 2016 முதல் கிறிஸ்தவ ஆலயங்களைப் பழுதுபார்க்க நிதி தருகிறது. ஆலயம் சொந்தக் கட்டிடத்தில், முறையான பதிவோடு இருக்க வேண்டும். தொகை கட்டிடத்தின் வயதைப் பொறுத்தது. 20 வருடத்துக்கு மேற்பட்டவை உச்சப் பிரிவில் வருவதால் மிஷன் காலத்து ஆலயங்கள் எல்லாமே அதில் அடங்கும். தொகைகள் அரசாணை மூலம் மாறக்கூடியவை. ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரைப் பார்த்து, அப்போதைய விண்ணப்பப் படிவத்தையும் நிபந்தனைகளையும் வாங்குங்கள். நிபந்தனைகளில் ஒன்று, ஆலயம் வெளிநாட்டு நிதி பெற்றிருக்கக் கூடாது என்பது. ஆக, ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ உள்ள பழைய மிஷனரி குடும்பத்துக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்பே எந்தப் பக்கம் போகிறோம் என்று குழு தீர்மானிக்க வேண்டும். என் கருத்து, சிறிய சபைகளுக்கு அரசு நிதியே மேல்.

வெளிநாட்டுப் பணத்தின் விதிகள் 2020 திருத்தத்துக்குப் பிறகு மிகவும் இறுகிவிட்டன. எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு உள்ள அமைப்பு மட்டுமே வாங்கலாம். அதுவும் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள குறிப்பிட்ட கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அதை மாற்றித் தர முடியாது. திருமண்டலத்துக்குப் பதிவு இருந்தால் வேலையைத் திருமண்டலமே நேரடியாகச் செய்ய வேண்டியிருக்கும். பதிவு இல்லாமல் யாருடைய சொந்தக் கணக்கிலாவது வாங்கி உள்ளே கொண்டுவரலாம் என்று யோசனை சொல்கிறவரைக் குழுவிலிருந்தே அனுப்பிவிடுங்கள். அது குற்றம்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் நம் பிள்ளைகள் விஷயம் வேறு. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சட்டம் அதை வெளிநாட்டு நிதியாகக் கருதாது. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்திருந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். அனுப்புகிறவரிடம் பாஸ்போர்ட் நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

மிஷனரி குடும்பத்தாரிடம் பணத்துக்குப் பதில் படம் கேளுங்கள். பரணில் கிடக்கும் பழைய ஆல்பத்தில் உங்கள் ஆலயத்தின் முதல் கூரை தெளிவாகத் தெரியும் ஒரு போட்டோ இருக்கக்கூடும். கட்டிடக் கலைஞருக்கு அது ரொக்கத்தைவிடப் பெரிது.

படி 9: கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி

சட்டத்தில் இடமிருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டிடங்களைப் புதுப்பிப்பதும் ஒரு இனம். நடைமுறையில், வழிபாட்டுத் தலம் என்றதுமே கம்பெனிக் கமிட்டிகள் பின்வாங்கும். பணம் பெறும் அமைப்புக்கு, இந்த நிதியை வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 என்ற அரசுப் பதிவும் வேண்டும். ஒரு சபையால் அதைத் தனியாக எடுப்பது கடினம். பாரம்பரியக் கட்டிடப் பாதுகாப்பில் இருக்கும், பதிவுள்ள அமைப்பு வழியாகப் போவதே சரி. ஆவணங்களைப் படியெடுத்தல், கட்டிட அளவை வரைபடம், சுண்ணாம்பு வேலைப் பயிற்சி போன்ற பொதுப் பயனுள்ள பகுதிகளுக்குக் கேட்டால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஆனால் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

படி 10: கணக்கு

சபையின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. க்யூஆர் கோடு அந்தக் கணக்குக்கு மட்டும், பொருளாளரின் சொந்த எண்ணுக்கு ஒருபோதும் இல்லை. ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அதைவிடச் சிறிய தொகைக்கும் காசோலையே நல்லது.

வரிவிலக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. '80ஜி உண்டு', அதாவது கொடுத்த தொகைக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கும் என்று பல சபைகள் சும்மா சொல்லிவிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கான அமைப்புக்குப் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. வரலாற்று முக்கியத்துவம் உள்ளதென்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட வழிபாட்டுத் தலத்தின் புதுப்பிப்புக்கு மட்டும் தனி வழி உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அதிலும் பயனில்லை. மிஷன் பள்ளி டிரஸ்டின் 80ஜி ரசீதைக் கொடுத்து ஆலயத்துக்குப் பணம் வாங்குவது, பள்ளியையும் சேர்த்து மாட்டவைக்கும் வேலை. ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து, கொடையாளரிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதம் தோறும் முதல் ஞாயிறு ஆலய வாசல் பலகையில் வரவு, செலவு, கையிருப்பு, முடிந்த வேலையின் படம். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா என்பார்கள். போதாது; கேள்வி கேட்கும் பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் இல்லை.

கொடையாளர் பெயர்களைத் தாழ்வாரத்தில் ஒரே மரப்பலகையில், தொகை இல்லாமல், அகர வரிசையில் எழுதுங்கள். சுண்ணாம்புச் சுவரைத் துளைத்து ஆளுக்கொரு கருங்கல் பலகை பதிக்கும் வழக்கத்தை இந்தத் தலைமுறையோடு நிறுத்திவிடலாம்.

படி 11: வேலை

கூரை முதலில், தண்ணீர் வடிகால் அடுத்து, பூச்சு அதற்கப்புறம், வர்ணம் கடைசி. கூரையைத் தை மாதத்துக்குப் பிறகு பிரித்து ஆடி மழைக்கு முன் மூடிவிட வேண்டும். சித்திரை வெயிலில் சுண்ணாம்புப் பூச்சு வேகமாகக் காய்ந்து வெடிக்கும். ஈரச்சாக்கு தொங்கவிட்டு நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்க ஆள் போடுங்கள், அந்தக் கூலியையும் மதிப்பீட்டில் சேருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை எங்கே தேடுவது? பக்கத்தில் எந்தப் பழைய கோயிலில் திருப்பணி நடக்கிறது என்று பாருங்கள். அங்கே செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கக் கூடும். திருப்பணிக் குழுவிடம் போய்க் கேட்டால் போன் நம்பர் தருவார்கள், கூடவே எந்த மேஸ்திரி ஏமாற்றுவார் என்பதையும் சொல்வார்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் முழுவதும் கைக்கு வந்த பிறகே பிரியுங்கள். பாதிக் கூரையைப் பிரித்துவிட்டு வசூலுக்கு அலைவது ஆபத்து. ஆனால் வேலை நடக்கும்போது சாரத்தில் ஏற விரும்பும் கொடையாளர்களை ஏற்றிக் காட்டுங்கள். மக்கிய உத்தர முனையைக் கையால் தொட்டவர் அடுத்த கட்டத்துக்கும் கொடுப்பார்.

படி 12: பராமரிப்பு நிதி

வசூலாகும் ஒவ்வொரு ரூபாயிலும் பத்துப் பைசாவை முதல் நாளிலிருந்தே மூலதன நிதியாக ஒதுக்கி, வங்கி வைப்பில் போடுங்கள். இந்தத் தொகை மூலதனத்துக்கென்றே தரப்படுகிறது என்று கொடையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டால் ஆடிட்டருக்கும் வேலை எளிது. வட்டியை மட்டும், அதுவும் நான்கு காரியத்துக்கு மட்டும் எடுக்கலாம்: வருடத்துக்கு இரண்டு முறை, வைகாசியிலும் புரட்டாசியிலும், தூம்பும் ஓட்டுச் சந்தும் சுத்தம் செய்வது, உடைந்த ஓடு மாற்றுவது, கரையான் சோதனை, வெள்ளையடிப்பு. மாற்றுவதற்கு அதே அளவு ஓடு இருநூறாவது ஆலயத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்திருங்கள். பழைய அளவில் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஏணி சபைக்குச் சொந்தமாக இருக்கட்டும். தூம்பில் ஏறும் பொறுப்பு யாருடையது என்று சபைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் பெயர் போட்டு எழுதி, வருடா வருடம் அந்தப் பெயரைப் புதுப்பியுங்கள்.